ஒரே சட்டி, எல்லாருக்கும்: வீட்டுச் சாப்பாட்டை மாற்ற ஒரு முழு வழிகாட்டி

நம் வீடுகளில் ஆரோக்கியச் சாப்பாடு பெரும்பாலும் யாராவது ஒருவருக்கு நோய் வந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. அப்பாவுக்கு இனிப்புநீர், அதாவது நீரிழிவு, என்று கிளினிக்கில் சொல்லிவிடுவார்கள். அன்று ராத்திரியிலிருந்து அவருக்கு மட்டும் இரண்டு சப்பாத்தியும் தாளிக்காத பருப்பும், மற்ற எல்லாருக்கும் வழக்கம்போல சோறு, பொரித்த கோழி, டின் பால் (சீனி சேர்த்த கெட்டிப் பால்) ஊற்றிய தேத்தண்ணி. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்பார், அப்புறம் பத்திரிகை வாங்கி வருகிறேன் என்று கிளம்பி மாமாக் கடையில் உட்கார்ந்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரே மேசையில் மூன்று பேர் ஒன்றைச் சாப்பிட, ஒருவர் மட்டும் வேறொன்றைச் சாப்பிடுவது தண்டனை மாதிரி.

அதனால் இந்த வழிகாட்டியில் நோயாளிக்கென்று தனிச் சமையலே கிடையாது. ஒரே சட்டி, அதை எல்லாரும் சாப்பிட வேண்டும், அந்தச் சட்டிக்குள் என்ன போகிறது என்பதை மட்டும் மாற்றுகிறோம். பினாங்கில் இருந்துகொண்டு எழுதுகிறேன், அதனால் உதாரணங்கள் இந்த ஊர்ச் சந்தையும் இந்த ஊர்க் கடைகளுமாகத்தான் இருக்கும். கோலாலம்பூர்க்காரர்கள் சௌராஸ்தா சந்தை என்று வரும் இடத்தில் சௌக்கிட் என்று படித்துக்கொள்ளுங்கள்.

நாட்டு நிலவரம் எல்லாருக்கும் ஓரளவு தெரிந்ததுதான். மலேசிய சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு ஆய்வுப்படி பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, அதாவது ஆறு பேரில் ஒருவருக்கு. பாதிப் பேருக்கு மேல், 54.4 விழுக்காடு, உடல் எடை கூடியவர்கள். இனவாரியாகப் பார்த்தால் நீரிழிவில் முன்னால் நிற்பது இந்தியர்களாகிய நாம்தான். 2019 ஆய்வில் இன்னொன்றும் வந்தது: பெரியவர்களில் 95 விழுக்காட்டினர் போதிய அளவு காய்கறி, பழம் சாப்பிடுவதில்லை. நோய் வந்தவரைத் தனியாக உட்கார வைப்பதில் அர்த்தமில்லை என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். மேசையில் இருக்கும் மற்றவர்களும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

படி 1: மார்க்கர் பேனாவை எடுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு மாதம் கணக்குப் பாருங்கள். கலோரிக் கணக்கு வேண்டாம், அதை யாரும் மூன்று நாளைக்கு மேல் பார்ப்பதில்லை. புதிதாகத் திறக்கும் சீனி பாக்கெட், உப்பு பாக்கெட், எண்ணெய்ப் போத்தல், டின் பால், கிச்சாப்பு (சோயா சாஸ்) போத்தல் ஒவ்வொன்றின் மேலும் திறந்த தேதியை மார்க்கரால் எழுதுங்கள். அது தீர்ந்த அன்று காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

மாதக் கடைசியில் இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் உப்பு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது, ஒரு தேக்கரண்டி அளவு. நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம், அதுவும் கிச்சாப், கருவாடு, மேகி எல்லாவற்றிலும் ஒளிந்திருக்கும் உப்பையும் சேர்த்து. சேர்க்கும் சீனியை 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்பதும் அவர்கள் பரிந்துரைதான். நாலு பேருக்கு அது மாதம் 3 கிலோ. 'மூன்று கிலோவா? நாங்கள் அவ்வளவெல்லாம் வாங்குவதில்லையே' என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். மாதம் இரண்டு கிலோ சீனி, அதோடு 500 கிராம் டின் பால் மூன்று வாங்குவதாக வைத்துக்கொள்வோம். டின் பாலில் பாதிக்கு மேல் சீனி, ஆகவே மூன்று டின்னிலேயே முக்கால் கிலோ வந்துவிடும். ஒரு பிஸ்கட், ஒரு பெட்டித் தண்ணி, ஒரு கேக் வீட்டுக்குள் வராமலேயே கிட்டத்தட்ட எல்லையைத் தொட்டாயிற்று.

எண்ணெய்க்கு நான் வைத்திருக்கும் தோராய அளவு ஆளுக்கு மாதம் அரை லிட்டர். நாலு பேர் வீட்டில் ஐந்து கிலோ போத்தல் ஒரே மாதத்தில் காலியானால் எங்கோ பொரியல் அதிகமாக நடக்கிறது என்று அர்த்தம்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு 'இதைச் சாப்பிடாதே, அதைத் தொடாதே' என்று சண்டை போடுவதை விட இந்தக் கணக்கு எவ்வளவோ மேல். வீட்டுக்குள் வந்துவிட்டால் அதை யாராவது தின்றே தீருவார்கள். முடிவு எடுக்க வேண்டிய இடம் கடை.

படி 2: முதலில் தண்ணியில் கை வையுங்கள்

எல்லாரும் சோற்றிலிருந்து ஆரம்பிப்பார்கள். என் கருத்து வேறு, முதலில் குடிப்பதை மாற்றுங்கள். ஏனென்றால் குடிக்கும் சீனி வயிற்றை நிரப்பாது. ஒரு கிளாஸ் சிராப் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அதே அளவு சோறுதான் உள்ளே போகும். இதில் குறைப்பதை உடம்பு அவ்வளவாகக் கவனிப்பதே இல்லை.

தேத்தண்ணியை எடுத்துக்கொள்வோம். ஒரு மேசைக்கரண்டி டின் பாலில் சுமார் 10 கிராம் சீனி. இரண்டு கரண்டி ஊற்றி ஆற்றினால் 20 கிராம், அதாவது நாலைந்து தேக்கரண்டி, ஒரே கிளாஸில். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்றால் மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு விஷயம்: நாம் பால் என்று நினைத்து வாங்கும் பல டின்களில் 'கிரிமர் மானிஸ் பெக்காட்' என்று எழுதியிருக்கும். அதில் சீனியும் பாமாயிலும்தான் பெரும்பங்கு, பால் கொஞ்சம்தான். டின்னைத் திருப்பிப் பாருங்கள்.

மாற்றுவது எப்படி? ஒரே நாளில் நிறுத்தினால் வீட்டில் கலகம் வரும். படிப்படியாக இறங்குங்கள். முதல் இரண்டு வாரம் டின் பாலின் அளவை மட்டும் முக்கால் ஆக்குங்கள், யாரிடமும் சொல்ல வேண்டாம். அடுத்த இரண்டு வாரம் பாதி. அதற்குள் நாக்கு பழகியிருக்கும். அப்புறம் டின் பாலை விட்டுவிட்டு சாதாரணப் பாலுக்கோ சீனி சேர்க்காத பால்மாவுக்கோ மாறி, ஒரு தேக்கரண்டி சீனி தனியாகப் போடுங்கள். ஒரு தேக்கரண்டி என்றால் 5 கிராமுக்குள், பழைய கிளாஸில் நாலில் ஒரு பங்கு. இஞ்சி, ஏலக்காய் தட்டிப் போட்டால் சீனி குறைந்தது அவ்வளவாகத் தெரியாது.

வீட்டுக்கு விருந்தாளி வரும்போது மட்டும் பிரச்சினை. 'வந்தவங்களுக்குச் சப்புன்னு தேத்தண்ணி கொடுத்தா என்ன நினைப்பாங்க' என்று பெரியவர்கள் கேட்பார்கள். சீனிப் போத்தலை மேசையில் வைத்துவிடுங்கள், வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும். பாதிப் பேர் போடவே மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் வீட்டிலும் யாருக்காவது இனிப்புநீர் இருக்கும்.

பெட்டித் தண்ணி, டின் தண்ணி விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2019 ஜூலை 1 முதல் அரசாங்கம் 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி போட்டது. 2024இல் அது 50 காசு, 2025இல் 90 காசு. இதனால் பல கம்பெனிகள் சீனியை 5 கிராமுக்குக் கொஞ்சம் கீழே கொண்டுவந்துவிட்டன. நல்லதுதான், ஆனால் 320 மில்லி டின் ஒன்றைக் குடித்தால் அப்போதும் 15, 16 கிராம் சீனி உள்ளே போகிறது. பிள்ளைக்கு அது ஒரு நாள் கணக்கில் பாதிக்கு மேல். 'சீனி குறைவு' என்று பெரிதாக எழுதியிருப்பதை நம்பி அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக வாங்கி அடுக்காதீர்கள்.

சரி, பழச்சாறு? வீட்டில் பிழிந்ததாக இருந்தாலும் மூன்று ஆரஞ்சின் சீனி ஒரே கிளாஸில், நார் எல்லாம் குப்பையில். பழத்தைப் பழமாகவே சாப்பிடச் சொல்லுங்கள். நம் பினாங்கு ஜாதிக்காய்த் தண்ணியும் இதில் சேர்த்திதான், எப்போதாவது ஆசைக்குக் குடிக்கலாம். கருப்பட்டி, தேன், குலா மெலாக்கா போட்டால் ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்களிடம் வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள். வாசனை வேறு, ரத்தத்தில் போய்ச் சேருவது சீனியேதான்.

படி 3: சந்தையும் கடையும்

சந்தைக்கு முதலில், பேரங்காடிக்கு அப்புறம். இந்த வரிசை முக்கியம். ஜெலுத்தோங் சந்தையிலோ ஆயர் ஈத்தாம் சந்தையிலோ காலையில் மீனும் கீரையும் காயும் வாங்கிக் கூடை நிறைந்துவிட்டால், பேரங்காடியில் வாங்க வேண்டியது பருப்பு, அரிசி, சவர்க்காரம் மட்டும். வரிசையை மாற்றினால் முதலில் வண்டி நிறைவது உறைய வைத்த நகெட்டும் சாசேஜும்தான்.

காய்கறி வாங்கும்போது விலை ஏறிவிட்டது என்ற புலம்பல் நியாயமானதே. மழைக்காலத்தில் கேமரன் மலைக் காய்கள் விலை எகிறும். அப்போது கீழ்நாட்டில் விளையும் காய்களுக்கு மாறுங்கள்: காங்கோங் கீரை, சாவிக் கீரை, தண்டுக்கீரை, வெண்டை, கத்திரி, பயற்றங்காய், புடலை, பீர்க்கங்காய். முருங்கைக்கீரை பல வீட்டு வாசலிலேயே இருக்கிறது, கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கிளையோடு ஒடித்துக் கொடுப்பார், ஆய்வதுதான் வேலை. டிவி பார்க்கும்போது ஆளுக்கு ஒரு கொத்துக் கொடுத்து உருவச் சொல்லுங்கள். உறைய வைத்த பட்டாணி, கலவைக் காய்களையும் இளப்பமாக நினைக்க வேண்டாம், சத்து குறைந்துவிடுவதில்லை.

மீனில், விலை கூடிய வெளிநாட்டு சால்மன் தேவையே இல்லை. நம் கெம்போங் (கானாங்கெளுத்தி) மீனே எண்ணெய்ச் சத்துள்ள நல்ல மீன், செலாரும் அப்படித்தான். புளி ஊற்றிக் குழம்பு வைத்தால் தேங்காய்ப்பாலே தேவைப்படாது. புரதத்துக்கு இன்னொரு மலிவான வழி தெம்பே, அதாவது புளிக்கவைத்த சோயாக் கட்டி. 100 கிராமில் 19 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. நம் வீடுகளில் இதை ஜாவாக்காரர் சாப்பாடு என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம், ஆனால் சின்னத் துண்டாக நறுக்கி மிளகு, சீரகம், கறிவேப்பிலை போட்டுப் பிரட்டினால் கோழி உப்புக்கறிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

இப்போது பாக்கெட் பொருள்கள். பின்பக்கத்தை மட்டும் படியுங்கள், முன்பக்கம் விளம்பரம். பொருள் பட்டியலில் எது எடையில் அதிகமோ அது முதலில் வரும். முதல் மூன்று பெயருக்குள் 'குலா' (சீனி), 'சிராப் குளுக்கோசா' (குளுக்கோஸ் பாகு) மாதிரி எதாவது இருந்தால் அது இனிப்புப் பண்டம், அட்டையில் கோதுமைக் கதிர் படம் போட்டிருந்தாலும் சரி. பிள்ளைகள் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் சாக்லேட் உருண்டைகளை இந்த முறையில் ஒரு தடவை பாருங்கள்.

ஊட்டச்சத்து அட்டவணையில் இரண்டு பத்தி இருக்கும், ஒன்று 100 கிராமுக்கு, மற்றது ஒரு பரிமாறலுக்கு. இரண்டு பொருளை ஒப்பிட 100 கிராம் பத்தியைப் பாருங்கள். நீங்கள் எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளப் பரிமாறல் பத்தி, ஆனால் அங்கே 'மூன்று பிஸ்கட்' என்று எழுதியிருப்பதையும் கவனியுங்கள். மூன்றோடு எழுந்தவர் யார்?

'பிலிஹான் லெபே சிஹாத்' (கூடுதல் ஆரோக்கியமான தேர்வு) என்ற சின்னத்தை 2017இல் சுகாதார அமைச்சு கொண்டுவந்தது. அது உபயோகமான சின்னம்தான், ஆனால் அதே வகைப் பொருள்களுக்குள் இது பரவாயில்லை என்பதைத்தான் காட்டுகிறது. சின்னம் போட்ட மீ (நூடுல்ஸ்) பாக்கெட், மற்ற மீ பாக்கெட்டை விடக் கொஞ்சம் மேல். கீரையை விட மேல் ஆகிவிடாது.

படி 4: தட்டு

சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செபாரோ' (கால், கால், பாதி) முறை நல்ல முறை. கால் தட்டு சோறு அல்லது மாவுப் பொருள், கால் தட்டு மீன், கோழி, முட்டை, பருப்பு மாதிரிப் புரதம், பாதித் தட்டு காய்கறியும் பழமும். கிளினிக் சுவர்களில் எல்லாம் படம் ஒட்டியிருக்கிறார்கள். படத்தில் இருக்கும் தட்டு 23 சென்டிமீட்டர், நம் வீட்டுத் தட்டுகளை அளந்து பார்த்தால் பல 26, 28 இருக்கும். அதில் கால் தட்டுச் சோறு போட்டாலே குவியல்தான். அதனால் சின்னத் தட்டு வாங்குங்கள், செலவு சில வெள்ளி.

நம் சாப்பாட்டில் இந்த முறையைப் பொருத்துவதில்தான் சிக்கல். வாழையிலையிலும் சரி தட்டிலும் சரி, நமக்கு நடுவில் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டிக் காய். இதைத் தலைகீழாக்க நான் கண்ட எளிய வழி, பரிமாறும் வரிசையை மாற்றுவது. முதலில் பொரியலும் கூட்டும் பாதித் தட்டுக்கு வையுங்கள். அடுத்து மீனோ முட்டையோ. சோறு கடைசியில், மிச்சமிருக்கும் இடத்தில். சோற்றை முதலில் போட்டால் மற்ற எதற்கும் இடமிருக்காது.

எது எந்தப் பங்கு என்பதிலும் நிறையப் பேருக்குக் குழப்பம். உருளைக்கிழங்குப் பிரட்டல் காய்கறி இல்லை, சோற்றுப் பங்கில் வரும். மரவள்ளியும் சேனையும் அப்படியே. அப்பளம் எந்தப் பங்கிலும் வராது, வேண்டுமானால் எண்ணெய்ப் பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். சாம்பார் கெட்டியாக, பருப்பு நிறையப் போட்டு வைத்தால் புரதத்தில் ஒரு பகுதி. தண்ணியாக வைத்தால் அது வெறும் ருசி.

படி 5: சோறா சப்பாத்தியா என்ற பழைய சண்டை

ஒரு கிண்ணம் சோற்றில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து. நடுத்தர சப்பாத்தி மூன்று சாப்பிட்டால் ஏறக்குறைய அதே கணக்கு. ஆட்டா மாவில் நார் கொஞ்சம் கூட இருக்கிறது, உண்மைதான். ஆனால் ராத்திரி சோற்றை விட்டுவிட்டு ஐந்து சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும் சாப்பிட்டுவிட்டு 'நான் சோறே தொடுவதில்லை, ஏன் சுகர் இறங்கவில்லை' என்று கேட்பதில் பயனில்லை. கேழ்வரகு, ஓட்ஸ் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். நல்ல தானியம்தான், ஆனால் கணக்கில் வரும். கேழ்வரகைக் கூழாகக் காய்ச்சிக் குடிப்பதை விட அடையாகவோ புட்டாகவோ சாப்பிட்டால் மெதுவாகச் செரிக்கும்.

அரிசி மாற்ற நினைத்தால் வாசனை சியாம் அரிசியிலிருந்து புழுங்கல் பொன்னிக்கோ பாஸ்மதிக்கோ போங்கள், ரத்தத்தில் சீனி ஏறும் வேகம் குறையும். பழுப்பரிசி பிடிக்காத வீட்டில் நாலில் ஒரு பங்கு மட்டும் கலந்து, அதை மட்டும் முன்கூட்டியே ஊறவைத்துச் சமையுங்கள். முழுவதும் மாற்றப் போய் இரண்டு நாளில் கைவிட்டவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

படி 6: எண்ணெயும் தேங்காயும்

பாக்கெட் எண்ணெய் கிலோ இரண்டரை வெள்ளிக்குக் கிடைப்பதால் நம் கை தாராளமாகப் போகிறது. பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல். தேங்காய் எண்ணெய் அமிர்தம் என்று கைத்தொலைபேசியில் வரும் செய்திகளை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். எந்த எண்ணெய் என்பதை விட எவ்வளவு என்பதுதான் முதல் கேள்வி, ஆகவே போத்தலிலிருந்து நேராகச் சட்டியில் கவிழ்ப்பதை நிறுத்திக் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். நாலு பேர் குழம்புக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். வெங்காயம் அடிப்பிடித்தால் எண்ணெய் ஊற்றாமல் ஒரு கை தண்ணீர் தெளியுங்கள், வதங்கிவிடும்.

கறியில் தேங்காய்ப்பால் இல்லாமல் முடியாது என்பவர்கள் பாதி அளவு ஊற்றி, மீதிக்குத் தயிரோ கொழுப்பு குறைந்த பாலோ சேர்க்கலாம். கோழிக்கறியில் இது தெரியவே தெரியாது. குருமாவில் கொஞ்சம் தெரியும், பொய் சொல்ல மாட்டேன். தோலை உரித்து வாங்குவது இன்னொரு சுலபமான வேலை, கோழிக்கடைக்காரரிடம் சொன்னால் அவரே உரித்துத் தருவார்.

பொரித்த மீன் வாரத்தில் ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளில் அதே மஞ்சள், மிளகாய்த்தூள் பூசி ஏர் ஃபிரையரிலோ தோசைக்கல்லிலோ போடுங்கள். பொரித்த எண்ணெயை வடிகட்டி வைத்து மறுபடி மறுபடி பொரிப்பது வேண்டவே வேண்டாம். கறுத்து, நுரைத்து, கசந்த வாடை வந்தால் போய்விட்டது என்று அர்த்தம்.

படி 7: உப்பு

சட்டியில் போடும் உப்பைக் குறைத்துவிட்டுக் கிச்சாப்பை மேசையில் வைத்தால் பயனில்லை. ஒரு மேசைக்கரண்டி உப்புக் கிச்சாப்பில் 800, 900 மில்லிகிராம் சோடியம் இருக்கும், ஒரு நாள் அளவே 2000தான். மீ பாக்கெட் ஒன்றில் 1000க்கு மேல் இருப்பது சாதாரணம். பிள்ளைகள் கேட்டு அடம்பிடித்தால் மசாலாப் பொட்டலத்தில் பாதியைப் போட்டு, ஒரு முட்டையும் இரண்டு கைப்பிடி சாவியும் சேர்த்துக் கொடுங்கள், சூப்பை முழுவதும் குடிக்க விடாதீர்கள். ஊறுகாய், கருவாடு, சௌராஸ்தா சந்தை ஜெரோக் (ஊறவைத்த பழம்) எல்லாம் தொட்டுக்கொள்ளும் அளவில் இருக்கட்டும். கொய்யாவுக்குத் தூவும் அசாம் போய்த் தூளில் உப்பும் சீனியும் இரண்டும் உண்டு, கொய்யா பாவம்.

படி 8: வாரத்தை ஞாயிற்றுக்கிழமையே முடித்துவிடுங்கள்

இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் எல்லாத் திட்டமும் சரிவது செவ்வாய்க்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு. பாலத்தில் நெரிசலில் நின்று, களைத்து வீட்டுக்கு வந்து யார் கீரை ஆய்வார்கள்? கடையில் தாபாவ் (பார்சல்) வாங்கிவிடுவார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். வெங்காயம், தக்காளி, இஞ்சி, பூண்டு வதக்கிய அடிமசாலா ஒரு பெரிய டப்பா. வேகவைத்த பருப்பும் கொண்டைக்கடலையும் சின்னச் சின்ன டப்பாக்களில் உறைபெட்டியில். மீனைச் சுத்தம் செய்து மஞ்சள் தடவி ஒரு நேரத்துக்கு ஒரு பை. பயற்றங்காய், முட்டைக்கோஸ், கேரட் நறுக்கி வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். தோசை மாவு எப்படியும் இருக்கும்.

இவ்வளவு இருந்தால் செவ்வாய்க்கிழமை சமையல் இருபத்தைந்து நிமிடம். உதாரணத்துக்கு: திங்கள் கெம்போங் புளிக்குழம்பு, பயற்றங்காய்ப் பொரியல். செவ்வாய் முருங்கைக்கீரை போட்ட பருப்பு, முட்டைப் பொடிமாஸ். புதன் தோசை, அதோடு காய் நிறையப் போட்ட சாம்பார். வியாழன் தெம்பே பிரட்டல், சாவி, ரசம். வெள்ளி சைவம், கொண்டைக்கடலைக் குழம்பு, புடலங்காய்க் கூட்டு. சனிக்கிழமை மிச்சம் மீதி. எதுவுமே இல்லாத நாளுக்கு அலமாரியில் இரண்டு டின் சார்டின் வைத்திருங்கள், வெங்காயம், பச்சைமிளகாய், தக்காளி போட்டுப் பத்து நிமிடத்தில் முடியும். டின் குழம்பில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, மேலே போட வேண்டாம்.

படி 9: வெளியே சாப்பிடும் நாள்

பினாங்கில் இருந்துகொண்டு நாசி கண்டார் சாப்பிடாதே என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை, நானும் கேட்க மாட்டேன். தோளில் கம்பு போட்டுச் சோறும் கறியும் சுமந்து விற்ற நம் தமிழ் முஸ்லிம்களின் சாப்பாடு அது. சிக்கல் இருப்பது 'பாஞ்சிர்' என்று சொல்லி எல்லாக் கறிக்குழம்பையும் சோற்றின் மேல் கொட்டுவதில். எண்ணெயும் உப்பும் அங்கேதான் இருக்கிறது. கடையில் தமிழிலேயே சொல்லலாம்: 'அண்ணே, பாதிச் சோறு, குழம்பு தனியா, வெண்டைக்காயும் கோபிஸும் நிறைய வைங்க'. பொரித்த கோழிக்குப் பதில் கறியில் கிடக்கும் மீன், அல்லது அவித்த முட்டை. குடிக்க வெறும் தண்ணி, இல்லாவிட்டால் தே ஓ கோசோங், அதாவது பாலும் சீனியும் இல்லாத தேத்தண்ணி. 'குராங் மானிஸ்' (இனிப்பு குறைவாக) என்று சொன்னால் எவ்வளவு குறைப்பது என்பது தண்ணி கலக்குபவர் கையில்தான் இருக்கிறது.

ரொட்டி சானாய் காலைப் பசியாறலாக வாரத்தில் ஒரு நாள் போதும். இரண்டாவதைச் சொல்லும் முன் ஒரு முட்டையோ கூடுதல் பருப்புக் குழம்போ கேளுங்கள். வெளியே பசியாற நல்ல தேர்வு சாதாத் தோசை அல்லது இட்லி. இடியாப்பம் என்றால் சிவப்புச் சீனியைக் குறைத்து, கிடைத்தால் பருப்புக் கறியோடு.

ஜூன், ஜூலையில் பாலேக் பூலாவில் டுரியான் இறங்கும்போது என்ன செய்வது என்றும் கேட்பார்கள். இரண்டு மூன்று சுளை, அன்று அந்த வேளைச் சோற்றைக் குறைத்துக்கொண்டு. ஒரு பழம் முழுக்கச் சாப்பிட்டுவிட்டு மங்குஸ்தான் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்பது சூடு குளிர்ச்சிக் கணக்கு. ரத்தச் சீனி அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

படி 10: பிள்ளைகள், பெரியவர்கள், விரதம்

பிள்ளைகள் காய்கறியைத் துப்பினால் விட்டுவிடாதீர்கள், அடிக்கவும் வேண்டாம். அதே காயை வேறு வேறு விதமாக, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை தட்டில் வைத்தால் ஒரு நாள் தானாக எடுக்கும். சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு காயை அவர்களையே எடுக்கச் சொல்வது வேலை செய்கிறது. 'கீரையைத் தின்றால் ஐஸ்கிரீம்' என்ற பேரத்தை மட்டும் ஆரம்பிக்காதீர்கள். கீரை தண்டனை, ஐஸ்கிரீம் பரிசு என்று நாமே கற்றுக்கொடுத்துவிடுகிறோம்.

பெரியவர்கள் விஷயத்தில் பாட்டி கையில் பேரப்பிள்ளை இருக்கும் நேரம்தான் ஆபத்து. பிஸ்கட் டின்னைப் பாட்டி கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டுக் கொடுக்காதீங்க அத்தை, கொடுக்காதீங்கம்மா என்று சொல்வது அவரைச் சங்கடப்படுத்துவது. டின்னுக்குப் பதில் வேகவைத்த கடலை, நறுக்கின பப்பாளி, கொய்யா, ஒரு சீப்பு பெராங்கான் வாழைப்பழம் என்று அங்கே வையுங்கள். கொடுப்பதுதான் அவருக்குச் சந்தோஷம், எதைக் கொடுக்கிறார் என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம்.

புரட்டாசி மாத விரதத்தைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. மாதம் முழுக்கச் சைவம் என்று நல்ல எண்ணத்தில் ஆரம்பித்து, சைவ ஆடு, சைவ மீன், சைவ இறால் என்று பாக்கெட் பாக்கெட்டாக வாங்குகிறோம். கோதுமைப் பசையும் சோயாவும் உப்பும் எண்ணெயுமாக அது தயாராகி வருகிறது, நாம் மறுபடி எண்ணெயில் பொரிக்கிறோம். பக்கத்தில் உருளைக்கிழங்கு, அப்பளம், பாயசம். மாதக் கடைசியில் எடை கூடித்தான் இருக்கும். அந்த ஒரு மாதத்தை மொச்சை, தட்டைப்பயறு, கொள்ளு, தவுஹு (டோஃபு), கீரை என்று போனால் வீடே பழகிவிடும், பிறகு வரும் மாதங்களுக்கும் அதில் பாதி ஒட்டிக்கொள்ளும். தீபாவளிக்கு முறுக்கு, அதிரசம் செய்யாமல் இருக்கத் தேவையில்லை. இருபது டின் அடுக்காமல் ஐந்து டின் செய்து, மீதியைப் பக்கத்து வீட்டு மலாய்க்காரர், சீனர் வீடுகளுக்கு முதல் நாளே கொடுத்தனுப்புங்கள்.

மருந்து சாப்பிடுபவர் வீட்டில் இருந்தால்

இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். இன்சுலின் போடுபவரோ கிளிக்லசைட் மாதிரி மாத்திரை எடுப்பவரோ திடீரென்று சோற்றைப் பாதியாக்கினால் ரத்தத்தில் சீனி மிகவும் கீழே இறங்கி மயக்கம் வரலாம். மருந்தின் அளவையும் சேர்த்து மாற்ற வேண்டும், அதை மருத்துவர்தான் செய்ய வேண்டும். பாகற்காய்ச் சாறு குடிக்கிறேன் என்று மாத்திரையை நிறுத்துவது வேண்டாம். உப்புக்குப் பதிலாக விற்கும் 'சோடியம் குறைந்த உப்பு' வகைகளில் பொட்டாசியம் இருக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆகாது. பெலிம்பிங் பழமும் அப்படித்தான், நட்சத்திரமாக வெட்டி அழகாகத் தட்டில் வைத்தாலும் சிறுநீரக நோயாளி தொடவே கூடாது, நரம்பைப் பாதிக்கும் நச்சு அவர்கள் உடம்பை விட்டு வெளியேறாது.

அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் (சுகாதார கிளினிக்கில்) மலேசியர்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளிதான். உணவியல் அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள், கேட்டால் எழுதிக் கொடுப்பார்கள். போகும்போது மார்க்கரால் தேதி எழுதிக் குறித்த அந்தக் காலண்டர் பக்கத்தையும் மூன்று நாள் சாப்பிட்டதன் பட்டியலையும் கொண்டு போங்கள். வீட்டில் சமைப்பவரையும் கூடவே அழைத்துக்கொண்டு போங்கள், சட்டி அவர் கையில்தானே இருக்கிறது.